பழைய ஜாஸ், ஸ்விங், சோல் பிடித்தவர்கள் இன்று யாரைக் கேட்கலாம்?

சுழல்தட்டு
சனி, இரவு 9.40

அப்பா சரக்குக் கப்பலில் வானொலி அலுவலராக இருந்தார். ஊருக்கு வரும்போதெல்லாம் அவர் பெட்டியில் துணிகளுக்கு நடுவே இசைத்தட்டுகள் இருக்கும். பென்னி குட்மன், கவுன்ட் பேஸி, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், சாம் குக். பள்ளிக்கூடத்துப் பாடத்தைவிட அந்தத் தட்டுகள்தான் எனக்கு மனப்பாடம். எந்தப் பாட்டில் எந்த இடத்தில் கீறல் இருக்கிறது, ஊசி எங்கே துள்ளும் என்பதுகூடத் தெரியும். அப்பா போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தட்டுகள் என்னிடம் இருக்கின்றன. திரும்பத் திரும்ப அவற்றையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்த வழியில் இன்று புதிதாக இசைப்பவர்கள் இருக்கிறார்களா? இணையத்தில் தேடினால் தொப்பியும் கோட்டுமாக நிற்கும் இளைஞர்களின் படங்கள் வருகின்றன. ஆசையோடு கேட்டால் பின்னணியில் கணினித் தாளம் ஓடுகிறது. உடை அந்தக் காலத்தது, ஒலி இந்தக் காலத்தது. எனக்கு வேண்டியது ஒலி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நடுநிசி வானொலி
சனி, இரவு 10.15

தம்பி, முதலில் ஷரோன் ஜோன்ஸ் அண்ட் தி டாப்-கிங்ஸ் கேளுங்கள். நாளை வரை காத்திருக்க வேண்டாம், இன்று இரவே கேளுங்கள்.

அவர்கள் தட்டுகளை வெளியிட்டது நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருக்கும் டாப்டோன் என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனம். 2001இல் கேப்ரியல் ராத், நீல் ஷுகர்மன் என்ற இரண்டு இசைக்கலைஞர்கள் தொடங்கியது. ஒரு பழைய வீட்டைத் தங்கள் கையாலேயே ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றினார்கள். எட்டுத் தடங்கள் மட்டுமே கொண்ட நாடாவில்தான் பதிவு செய்தார்கள். எட்டுத் தடம் என்றால் என்ன பொருள் என்று யோசித்துப் பாருங்கள். டிரம்ஸுக்கு ஒன்றோ இரண்டோ, கிட்டாருக்கும் பேஸுக்கும் கொஞ்சம், ஊதுகுழல்காரர்கள் மூன்று பேரும் ஒரே மைக்கின் முன்னால். யாராவது ஒருவர் பிசகினால் அவர் பங்கை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேறொன்றை ஒட்ட முடியாது. மொத்தக் குழுவும் மறுபடி வாசிக்க வேண்டும். அதனால் எல்லாரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே வாசிப்பார்கள். நீங்கள் தேடுகிற ஒலி அந்தக் கவனத்திலிருந்து வருவது.

ஷரோன் ஜோன்ஸ் புகழ் பெற்றபோது நாற்பதைக் கடந்துவிட்டார். அதற்கு முன் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலராகவும், வங்கிப் பணம் ஏற்றிச் செல்லும் வண்டியில் பாதுகாவலராகவும் இருந்தவர். குள்ளம், பருமன், கறுப்பு, வயது அதிகம் என்று காரணம் சொல்லி இசைத்துறையில் தன்னை ஒதுக்கியதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். முதல் முழு இசைத்தட்டு 2002இல் வந்தது. 2016 நவம்பரில் புற்றுநோயால் இறந்தார். நோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தபோது, முடி கொட்டிய தலையோடு மேடையேறி ஆடிப் பாடினார். அந்த நிகழ்ச்சிப் பதிவுகளைக் கட்டாயம் பாருங்கள்.

இன்னொன்று. ஏமி வைன்ஹவுஸின் 2006ஆம் ஆண்டு இசைத்தட்டைக் கேட்டிருப்பீர்கள். அதில் பாதிக்கு மேல் பின்னால் வாசிப்பது இதே டாப்-கிங்ஸ்தான். உலகம் முழுக்கக் கேட்டது அவர்கள் வாசிப்பைத்தான், பெயர்தான் பலருக்குத் தெரியாது.


கரும்புக்காடு
சனி, இரவு 10.52

கணினித் தாளம் என்று ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள் அண்ணா. நான் பழைய ஸ்விங்குக்குள் வந்ததே, பழைய ஸ்விங்கைக் கணினித் தாளத்தோடு கலக்கும் எலக்ட்ரோ ஸ்விங் வழியாகத்தான். ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்துப் பரோவ் ஸ்டெலர், பாரிஸின் காரவன் பேலஸ். கல்லூரி விடுதியில் ஒரு நண்பன் காரவன் பேலஸ் போட்டான். அந்தக் கிட்டார் வெட்டு எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால் ஜாங்கோ ரைன்ஹார்ட். அங்கிருந்து ஸ்டெஃபான் கிராப்பெல்லியின் வயலின். ஒரே வாரத்தில் 1930களின் பாரிஸுக்குப் போய்விட்டேன்.

நெதர்லாந்துப் பாடகி காரோ எமரால்டையும் கேளுங்கள். 2010இல் வந்த அவருடைய முதல் இசைத்தட்டு அந்த நாட்டுப் பட்டியலில் 30 வாரம் முதலிடத்தில் இருந்து, மைக்கேல் ஜாக்சனின் சாதனையை ஒரு வாரத்தில் முந்தியது. புதிய தாளம்தான், ஆனால் பாட்டின் கட்டமைப்பு முழுக்க 1950களின் நாட்டியக்கூடம்.


வெண்கலக்குழல்
ஞாயிறு, காலை 6.30

பூசைக்குக் கிளம்பும் முன் எழுதுகிறேன். எங்கள் ஊர்க் கோவில் பேண்டில் பதினேழு ஆண்டுகளாக டிரம்பெட் வாசிக்கிறேன். அதனால் என் பரிந்துரை ஒன்றே ஒன்று: டியூபா ஸ்கின்னி.

நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ராயல் தெருவில் நின்று வாசிக்கும் குழு. 2009இல் சேர்ந்தார்கள். மின்சாரம் கிடையாது, மைக் கிடையாது, மேடை கிடையாது. இரண்டு மூன்று நாற்காலிகள், முன்னால் காசு போட ஒரு பெட்டி. 1920களின் ஜாஸும் புளூஸும் ராக்டைமும்தான் வாசிப்பார்கள், அதிலும் பலர் மறந்துபோன பாடல்களாகத் தேடிப்பிடித்து. டிரம்பெட் போன்ற கார்னெட்டை வாசிக்கும் ஷே கோன்தான் குழுவின் உயிர். அவருடைய தாத்தா அல் கோன் பெரிய சாக்ஸஃபோன் கலைஞர்.

ஏன் டியூபா என்று கேட்பீர்கள். தெருவில் மின்சாரம் இல்லாமல் கீழ்ச்சுருதியை யார் தாங்குவது? பெரிய தந்திக் கருவியின் ஒலி திறந்தவெளியில் கரைந்துவிடும். டியூபாவின் மூச்சு கூட்டத்தின் கடைசி ஆள் வரை போகும். எங்கள் தேர்ப்பவனியிலும் அதே காரணத்துக்காகத்தான் பின்வரிசையில் பெரிய குழல் வருகிறது. எங்கள் பேண்டில் அதை வாசிக்கும் பெரியவர் இரண்டு தெரு தாண்டியதும் உதட்டைத் துடைத்துக்கொண்டு ஒரு சுரம் விடுவார். அந்த ஒரு சுரம் இல்லாத இடத்தில் ஊர்வலமே ஒரு கணம் மிதப்பது போலிருக்கும். டியூபா ஸ்கின்னியின் பதிவு ஒன்றில் அதே மாதிரி ஒரு மூச்சு இடைவெளியைக் கேட்டேன். எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

துணி துவைக்கும் தகரப் பலகையையும் தாளக்கருவியாக வைத்திருக்கிறார்கள். விரல்களில் உலோக உறைகளை மாட்டிக்கொண்டு அதன் வரிகளின்மேல் இழுப்பார்கள். அந்தக் கரகரப்புதான் பாட்டை முன்னால் தள்ளுகிறது.


சுழல்தட்டு
ஞாயிறு, பிற்பகல் 3.05

ஐயா, நேற்று இரவு பதினொன்றுக்குத் தொடங்கி இரண்டரை மணி வரை ஷரோன் ஜோன்ஸ் கேட்டேன். நன்றி என்ற சொல் போதாது. அப்பா இருந்திருந்தால் தட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்திருப்பார், இது எந்த ஆண்டு என்று.

வெண்கலக்குழல், உங்கள் பதிவைப் படித்துவிட்டு டியூபா ஸ்கின்னி போட்டேன். பாட்டுக்கு நடுவே தெருவில் போகிறவர்களின் பேச்சு கேட்கிறது. அது எனக்குத் தொந்தரவாக இல்லை.

தம்பி கரும்புக்காடு, காரோ எமரால்டு பிடித்திருந்தது. எலக்ட்ரோ ஸ்விங் எனக்கு ஒட்டவில்லை. ஒரே துண்டை வெட்டித் திரும்பத் திரும்ப ஓட்டும்போது, ஊதியவரின் மூச்சு அறுந்துவிடுகிறது. ஆனால் அது உன்னை ஜாங்கோவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது என்றால் அந்த இசைக்கு நான் கடன்பட்டவன்.


மேசைவிளக்கு
ஞாயிறு, இரவு 8.20

எல்லாரும் உட்கார்ந்து கேட்பதைப் பற்றியே எழுதுகிறீர்கள். ஸ்விங் ஆடுவதற்கான இசை. நான் லண்டனில் இருக்கிறேன், எட்டு ஆண்டுகளாக லிண்டி ஹாப் என்ற ஸ்விங் ஆட்டம் ஆடுகிறேன். இன்றைக்குப் பழைய பாணிக் குழுக்கள் பல பிழைத்திருப்பதற்கு ஆடுகிறவர்கள்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். வாரத்துக்கு ஒரு இரவு உயிருள்ள குழு வேண்டும் என்று டிக்கெட் வாங்கிக் காத்திருப்பவர்கள் அவர்கள்தான்.

இந்த ஆட்டம் பிறந்தது நியூயார்க்கின் ஹார்லெமில். அங்கே சவோய் பால்ரூம் என்ற கூடம் 1926 முதல் 1958 வரை இருந்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தரையில் ஆடிய இடம், அன்றைய அமெரிக்காவில் அது அபூர்வம். அங்கே ஆடி வளர்ந்தவர் ஃபிராங்கி மானிங். இணையைத் தோளுக்கு மேல் சுழற்றி எறியும் அசைவை 1935இல் மேடைக்குக் கொண்டுவந்தவர். பிறகு ஸ்விங் போய், ராக் வந்து, அவர் தபால் துறையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தார். 1980களில் இளம் ஆட்டக்காரர்கள் அவரைத் தேடிக் கண்டுபிடித்து, கற்றுத் தாருங்கள் என்று கேட்டார்கள். எழுபதைத் தாண்டிய வயதில் மறுபடி ஆடத் தொடங்கி, 2009இல் இறக்கும்வரை நாடு நாடாகப் போய்க் கற்றுக்கொடுத்தார். சுவீடனில் ஹெராங் என்ற சிற்றூரில் 1982 முதல் ஒவ்வொரு கோடையிலும் நடக்கும் ஆட்ட முகாமும் இந்த மறுபிறப்பில் பெரிய பங்கு வகித்தது.

எங்கள் வகுப்பில் முதல் நாளே சொன்னது: பாதத்தைப் பார்க்காதே, டிரம்ஸைக் கேள். நல்ல குழு வாசிக்கும்போது மரத்தரை உள்ளங்காலில் அதிர்வது தெரியும். அப்போது கால் தானாக இடம் தேடும். கணினித் தாளத்தில் எனக்கு அது வருவதில்லை. தாளம் சரியாகத்தான் இருக்கும், ஆனால் நான் சாய்ந்தால் அது சாயாது. உயிருள்ள டிரம்ஸ்காரர் நாங்கள் களைத்திருப்பதைப் பார்த்து இழுத்துப் பிடிப்பார்.

என் பரிந்துரைகள்: நியூயார்க்கில் வின்ஸ் ஜியோர்டானோவின் நைட்ஹாக்ஸ். 1920, 30களின் குழு அமைப்பை அச்சு மாறாமல் வைத்திருப்பவர். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய இசைத்தாள்களைச் சேர்த்து வைத்திருக்கிறார். அந்தக் காலத்துக் குழுக்களுக்குப் பாடல்களை அமைத்துக் கொடுத்த பில் சாலிஸிடம் இளம் வயதிலேயே நேரில் கற்றவர். பெர்லினில் மாக்ஸ் ராபேயும் பாலஸ்ட் ஆர்க்கெஸ்டரும். 1986 முதல் ஜெர்மனியின் 1920களின் பாடல்களைப் பாடுகிறார்கள். அந்தப் பாடல்களை எழுதியவர்களில் யூதர்கள் பலர் நாஜிகளால் நாட்டைவிட்டு ஓடினார்கள், சிலர் கொல்லப்பட்டார்கள். அவர் அசையாமல் நின்று மென்மையாகப் பாடும்போது எனக்கு அதுவும் சேர்ந்து கேட்கிறது.


ஆற்றோரம்
திங்கள், காலை 11.10

மேசைவிளக்கு அக்கா கடைசியில் தொட்ட இடத்தைத்தான் நான் பேச விரும்பினேன். பழைய பாணி என்று நாம் ஆசையாகச் சொல்லும் அந்தக் காலம், அந்த இசையைப் படைத்தவர்களுக்கு எப்படி இருந்தது? கறுப்பினக் கலைஞர்களின் குழு மேடையில் வாசிக்கும். அதே விடுதியின் முன்வாசல் வழியாக உள்ளே போக அவர்களுக்கு அனுமதி இருக்காது. நாம் தொப்பியையும் காலணியையும் மட்டும் எடுத்துக்கொண்டு அதை விட்டுவிட முடியாது.

அதனால் என் பரிந்துரை ரியானன் கிடன்ஸ். வட கரோலினாக்காரர். 2005இல் அவரும் நண்பர்களும் கரோலினா சாக்லேட் டிராப்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார்கள். ஜோ தாம்சன் என்ற முதிய கறுப்பின ஃபிடில் கலைஞர் அப்போது எண்பத்தைந்து வயதைக் கடந்திருந்தார். வாரந்தோறும் அவர் வீட்டுக்குப் போய் எதிரே உட்கார்ந்து, அவர் வாசிப்பதை அப்படியே வாங்கிக் கற்றார்கள். குருகுலம் என்று நாம் சொல்வது அதுதான். பாஞ்சோ என்றால் வெள்ளைக்கார மலைவாசிகளின் கருவி என்று உலகம் நினைக்கிறது. அது ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் நினைவிலிருந்து, சுரைக்குடுக்கையிலும் தோலிலும் பிறந்த கருவி. கிடன்ஸ் அதை மேடைதோறும் சொல்கிறார், சொல்லிவிட்டு வாசிக்கிறார். 2011இல் அந்தக் குழுவுக்குக் கிராமி கிடைத்தது. 2023இல் அவருக்கு இசைக்கான புலிட்சர் பரிசும்.


நடுநிசி வானொலி
திங்கள், இரவு 9.30

ஆற்றோரம் சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன். சோல் இசையில் அதற்கு இன்னொரு சாட்சி உண்டு: சார்லஸ் பிராட்லி. 1962இல் பதின்ம வயதில் நியூயார்க்கின் அப்போலோ அரங்கில் சோல் பாடகர் ஜேம்ஸ் பிரவுனைப் பார்த்தவர். பிறகு சமையற்காரர், கூலி வேலை, கூரையற்ற இரவுகள். ஜேம்ஸ் பிரவுனைப் போல வேடமிட்டுச் சின்னச் சின்ன மதுக்கூடங்களில் பாடிக்கொண்டிருந்தவரை டாப்டோன் கண்டெடுத்தது. முதல் இசைத்தட்டு 2011இல், 62 வயதில். ஆறரை ஆண்டுகள்தான் கிடைத்தன, 2017 செப்டம்பரில் இறந்துவிட்டார். அந்தக் குரலில் வருகிற கதறலை எந்த நாடாவும் எந்தப் பழைய மைக்கும் தர முடியாது. கருவியைப் பற்றி முதல் பதிவில் அவ்வளவு எழுதினேன். இதையும் எழுதாவிட்டால் அது பாதிதான்.


கரும்புக்காடு
திங்கள், இரவு 10.05

ஐயா, அப்படியானால் என் வயதுக்காரர்கள் பாடினால் அதில் உண்மை இருக்காதா? சமாரா ஜாய் 1999இல் பிறந்தவர். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிக்காரர், தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர். 2023இல் சிறந்த புதுமுகத்துக்கான கிராமி அவருக்குத்தான் கிடைத்தது. பாப் பாடகர்கள் நிறைந்த பட்டியலில் ஒரு ஜாஸ் பாடகிக்கு. அதே 1999இல் பிறந்த இன்னொருவர் லாஃபே. ஐஸ்லாந்துத் தந்தை, சீனத் தாய், செல்லோ வாசிப்பார். இவர்கள் பட்ட துன்பம் பிராட்லி பட்டது அல்ல. ஆனால் காதல் கைகூடாத பெண்ணின் பாட்டை இருபத்துநான்கு வயதில் பாடுவதும் உண்மைதானே?


நடுநிசி வானொலி
திங்கள், இரவு 10.40

உண்மைதான் தம்பி. நான் எழுதியது அப்படிப் பொருள் தந்திருந்தால் பொறுத்துக்கொள். சமாரா ஜாய் கீழ்ச்சுருதிக்கு இறங்கும் இடங்களைச் ஜாஸ் பாடகி சாரா வானின் பழைய பதிவுகளோடு வைத்துக் கேட்டேன். அவர் பாவனை செய்யவில்லை, அந்தப் பாதையில் தானே நடக்கிறார். லாஃபே என் காதுக்குக் கொஞ்சம் இனிப்பு அதிகம். என் பேத்திக்கு உயிர்.


வெண்கலக்குழல்
செவ்வாய், இரவு 9.15

ஒலியைப் பற்றிக் கேட்ட சுழல்தட்டுக்கு ஒரு செய்தி. 1925இல் மின்சார ஒலிப்பதிவு வந்தபோது வெஸ்டர்ன் எலக்ட்ரிக் செய்த கருவியை, நிக் பெர்க் என்ற பொறியாளர் பல ஆண்டுகள் உழைத்து, சிதறிக் கிடந்த பாகங்களிலிருந்து மறுபடி கட்டி எழுப்பினார். அதில் இன்றைய கலைஞர்களைப் பாடவைத்துப் பதிவு செய்தார்கள், 2017இல் வெளிவந்தது. ஒரே மைக். தட்டைச் சுழற்றுவது மோட்டார் அல்ல. கிணற்று வாளி போலத் தொங்கும் ஏறக்குறைய ஐம்பது கிலோ எடை மெல்ல இறங்கும், அந்த இழுப்பில் தட்டு சுழலும், முள் அதில் பள்ளம் வெட்டும். எடை தரையைத் தொட மூன்று நிமிடம் சொச்சம். அதற்குள் பாட்டு முடிந்தாக வேண்டும். யாருடைய ஒலி கூட வேண்டுமோ அவர் ஓரடி முன்னால் நிற்பார், குறைய வேண்டியவர் பின்னால் போவார். பதிவின்போது எடையைத் தாங்கிய பட்டை அறுந்துவிட்டது. முன்பு சோபாவுக்கு உறை தைக்கும் தொழில் செய்த இசைக்கலைஞர் ஜாக் ஒயிட்தான் அதைத் தைத்துக் கொடுத்தார்.

நம் ஊர் கிராமபோன் தட்டுகளுக்கும் இதே மூன்று நிமிடக் கணக்குதான். அரை மணி நேரம் பாட வேண்டிய கீர்த்தனையை நம் வித்வான்கள் அந்த நேரத்துக்குள் சுருக்கிப் பாடிவைத்ததும் அதனால்தான். அதைப் பற்றித் தனியாக ஓர் இழை தொடங்கலாம், இங்கே இழுக்க வேண்டாம்.


மேசைவிளக்கு
செவ்வாய், இரவு 10.30

இதைப் படித்ததும் இரண்டு பெயர்கள் நினைவுக்கு வந்தன. இங்கே லண்டனில் கிட்டி, டெய்சி அண்ட் லூயிஸ். மூவரும் உடன்பிறந்தவர்கள், எல்லாக் கருவிகளையும் மாற்றி மாற்றி வாசிப்பார்கள், பழைய நாடாக் கருவிகளைச் சேர்த்து வீட்டிலேயே பதிவு செய்தவர்கள். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய வகைத் தட்டுகூட வெளியிட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒக்லஹோமாவின் ஜே.டி. மெக்ஃபர்சன், பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவர். 1950களின் ராக் அண்ட் ரோல் வேண்டுமென்றால் அவரை விட்டால் ஆளில்லை. டெக்ஸஸின் லியோன் பிரிட்ஜஸும் உண்டு. பாத்திரம் கழுவும் வேலையில் இருந்தவர், 2015இல் வந்த முதல் இசைத்தட்டை ஒரு கிடங்கில் பழைய கருவிகளை வைத்துப் பதிவு செய்தார். சாம் குக் பிடித்தவர் என்று எழுதியிருந்தீர்களே, உங்களுக்கு முதலில் இவர்தான். பிந்தைய பதிவுகளில் வேறு திசைக்குப் போய்விட்டார், முதலாவதிலிருந்து தொடங்குங்கள்.


சுழல்தட்டு
சனி, இரவு 8.50

ஒரு வாரமாக உங்கள் பெயர்களையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். லியோன் பிரிட்ஜஸின் முதல் இசைத்தட்டை நேற்றுத் தபாலில் வரவழைத்தேன். அம்மா ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. முதல் பாட்டு பாதி போனதும், "இது அப்பா பெட்டியில் இருந்ததா?" என்று கேட்டார். இல்லை அம்மா, இந்தப் பையன் இப்போது பாடுகிறவன் என்றேன். மடித்த வெற்றிலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் முடியும்வரை கேட்டார். பிறகு, மறுபக்கம் திருப்பு என்றார்.

ஆற்றோரம், ரியானன் கிடன்ஸில் எந்தத் தட்டு முதலில் வாங்கலாம்? அம்மாவுக்கு ஃபிடில் பிடிக்கும்.


ஆற்றோரம்
சனி, இரவு 9.20

கரோலினா சாக்லேட் டிராப்ஸ் 2010இல் வெளியிட்டதை வாங்குங்கள். ஃபிடிலும் பாஞ்சோவும் அதில்தான் நிறைய. அம்மாவுக்கு முதல் பாட்டிலிருந்தே போடுங்கள்.